யாருக்காகக் கைகோத்தார்கள்?



கிறிஸ்தவ ஒன்றிப்பு வாரத்தில் பேச வருகிறவர்கள் வழக்கமாக இறையியல் பேசுவார்கள். ஞானஸ்நானம், திருவிருந்து, போப்பாண்டவரின் அதிகாரம் என்று பேச்சு போகும். அதற்குத் தகுதியானவர்கள் இந்த மேடையிலேயே அமர்ந்திருக்கிறார்கள். நான் பேச எடுத்துக்கொண்டது சட்டத்தையும் சிறைச்சாலையையும் அரசாங்கத்தின் கஜானாவையும் பற்றி. அமெரிக்காவில் கத்தோலிக்கரும், இவாஞ்சலிக்கல் என்று அங்கே சொல்லப்படும் சுவிசேஷச் சபையினரும், சேர்ந்து அரசின் வாசலில் போய் நின்ற வரலாறு அது. ஏறத்தாழ ஐம்பது ஆண்டு வரலாறு. அதில் பெருமைப்படவும் நிறைய இருக்கிறது, தலைகுனியவும் இருக்கிறது. இரண்டையும் ஒரே கேள்வியைக் கொண்டு அளக்கலாம் என்பது என் துணிபு. அவர்கள் யாருக்காகக் கைகோத்தார்கள்?

முதலில் பகையின் ஆழத்தைச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாவிட்டால் நட்பின் அருமை தெரியாது.

1840களில் பிலடெல்பியா நகரத்து அரசுப் பள்ளிகளில் தினமும் வேதாகமம் வாசிக்கப்பட்டது. வாசித்தது புராட்டஸ்டண்டுகளின் மொழிபெயர்ப்பு. கத்தோலிக்கப் பிள்ளைகள் தங்கள் வேதாகமத்தை வாசிக்க விடுங்கள் என்று ஆயர் பிரான்சிஸ் கென்ரிக் 1842இல் பள்ளி நிர்வாகத்துக்கு எழுதினார். கேட்டது அவ்வளவுதான். வேதாகமத்தையே பள்ளியிலிருந்து வெளியேற்றப் பார்க்கிறார்கள் என்று அது வதந்தியாகப் பரவி, 1844 மே மாதம் கலவரமாக வெடித்தது. புனித மிக்கேல் ஆலயமும் புனித அகுஸ்தீனார் ஆலயமும் தீக்கிரையாயின. ஜூலையில் மறுபடியும் கலவரம். தெருவில் பீரங்கி முழங்கியது. இரண்டு கலவரங்களிலும் சேர்த்து இருபதுக்குக் குறையாதவர்கள் செத்தார்கள். கையில் வேதாகமம் வைத்திருந்த இரு கூட்டத்தார், எந்த வேதாகமம் என்ற கேள்வியில் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டார்கள்.

அந்தப் பகை எளிதில் ஆறவில்லை. 1928இல் அல் ஸ்மித் என்ற கத்தோலிக்கர் ஜனாதிபதி பதவிக்கு நின்றபோது, ஜனநாயகக் கட்சியின் கோட்டையாக இருந்த தென்மாநிலங்களிலேயே ஐந்து அவரைக் கைவிட்டன. 1960 செப்டம்பர் 12ஆம் தேதி ஜான் கென்னடி ஹூஸ்டனில் ஒரு ஹோட்டல் மண்டபம் நிறையப் புராட்டஸ்டண்ட் போதகர்களுக்கு முன்னால் நின்று, என் அரசாங்கத்தைப் போப்பாண்டவர் நடத்தமாட்டார் என்று உறுதி சொல்ல வேண்டியிருந்தது. இந்த மண்டபத்தில் இருக்கும் மூத்தவர்கள் அப்போது பிறந்திருப்பார்கள். அவ்வளவு அண்மையில் நடந்தது.

பிறகு கருக்கலைப்பு வந்தது. 1973 ஜனவரி 22ஆம் தேதி அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை அரசியலமைப்பு உரிமையாக அறிவித்தது. கத்தோலிக்க ஆயர்கள் உடனே எதிர்த்தார்கள். சுவிசேஷச் சபையாரும் அன்றே கொதித்து எழுந்தார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். நடந்தது அப்படி இல்லை. தெற்கு பாப்டிஸ்ட் பேரவை 1971இல் நிறைவேற்றிய தீர்மானம், பாலியல் வன்முறை, கருவின் கடுமையான ஊனம், தாயின் உடல்நலம், மனநலம் ஆகிய காரணங்களுக்காகக் கருக்கலைப்பைச் சட்டம் அனுமதிக்க வேண்டும் என்றே கேட்டது. இது கத்தோலிக்கர்களின் பிரச்சினை என்று பல போதகர்கள் ஒதுங்கி நின்றார்கள். பிரான்சிஸ் ஷேஃபர் என்ற சிந்தனையாளரும், எவரெட் கூப் என்ற குழந்தைகள் அறுவை சிகிச்சை நிபுணரும் 1979இல் ஒரு புத்தகமும் திரைப்படத் தொடரும் தயாரித்து ஊர் ஊராகச் சபைகளில் காட்டிய பிறகுதான் அங்கே மனம் திரும்பத் தொடங்கியது. அதற்குப் பிறகு, போராட்ட ஊர்வலங்களில் செபமாலை உருட்டுகிறவர்களும் அதைக் கண்டிக்கிறவர்களும் பக்கத்தில் பக்கத்தில் நடந்தார்கள். மேலிடத்து ஆவணங்களுக்குப் பல ஆண்டு முன்பே தெருவில் பழக்கம் உண்டாகிவிட்டது. ஒன்றிப்பு முயற்சிகளை ஆராய்கிறவர்கள் ஆவணங்களையே பார்த்துக்கொண்டு இதைத் தவறவிடுகிறார்கள்.

ஆவணமும் வந்தது. அதற்குக் காரணமான இருவரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஒருவர் சார்லஸ் கோல்சன். ஜனாதிபதி நிக்சனின் வலது கையாக இருந்தவர். வாட்டர்கேட் காலத்துக் குற்றம் ஒன்றை ஒப்புக்கொண்டு 1974இல் அலபாமாவில் சிறைக்குப் போனார். ஏழு மாதம் இருந்தார். சிறைக்குப் போகும் முன்பே மனந்திரும்பியிருந்தார். வெளியே வந்தவர் அரசியலுக்குத் திரும்பவில்லை. 1976இல் சிறைவாசிகளுக்கான ஊழியம் ஒன்றைத் தொடங்கினார். இவர் பாப்டிஸ்ட், மனைவி கத்தோலிக்கர். இன்னொருவர் ரிச்சர்ட் ஜான் நியூஹவுஸ். புரூக்ளினில் ஏழைக் கறுப்பின மக்கள் நிறைந்த லுத்தரன் சபையில் போதகராக இருந்தவர். மார்ட்டின் லூதர் கிங்குடன் சிவில் உரிமைப் போராட்டத்தில் நின்றவர். 1990இல் கத்தோலிக்கராகி அடுத்த ஆண்டே குருவானார். இந்த இருவரும் முன்னின்று 1994 மார்ச் மாதம் ‘சுவிசேஷச் சபையினரும் கத்தோலிக்கரும் சேர்ந்து’ என்ற அறிக்கையை வெளியிட்டார்கள்.

அந்த அறிக்கையில் எனக்குப் பிடித்த பகுதி ஒற்றுமையைச் சொல்லும் இடம் அல்ல. எங்கெங்கே ஒத்துப்போகவில்லை என்று ஒளிக்காமல் எழுதிவைத்த இடம். திருச்சபை என்றால் என்ன, அருட்சாதனங்களா நியமங்களா, வேதம் மட்டுமா பாரம்பரியமுமா, மரியாளுக்கும் புனிதர்களுக்கும் என்ன இடம் என்று வரிசையாகச் சொல்லி, இவற்றைத் தீர்த்துவிட்டதாக நாங்கள் பாசாங்கு செய்யவில்லை என்று அறிவித்தார்கள். ஒருவர் சபையில் ஊறி வாழ்கிற விசுவாசிகளை இன்னொருவர் இழுத்துக்கொள்வது தகாது என்றும் எழுதினார்கள். நம் ஊரில் ஆடு திருடுவது என்கிறோமே, அதே விவகாரம்தான். லத்தீன் அமெரிக்காவில் அது அப்போது கைகலப்பு வரை போயிருந்தது.

இதற்கு அவர்கள் விலை கொடுத்தார்கள். ஆர்.சி. ஸ்ப்ரோல், ஜான் மக்கார்தர் போன்ற பெயர் பெற்ற போதகர்கள் விசுவாசத்தினாலே நீதிமான் என்ற உபதேசத்தையே விற்றுவிட்டார்கள் என்று கண்டித்தார்கள். தெற்கு பாப்டிஸ்ட் பேரவையின் அதிகாரிகள் இருவர் போட்ட கையெழுத்தைத் திரும்பப் பெற்றார்கள். கோல்சனின் ஊழியத்துக்கு வந்துகொண்டிருந்த நன்கொடை குறைந்தது. ஆனாலும் அவர் பின்வாங்கவில்லை. அந்த மனிதரை நான் மதிப்பதற்கு அது ஒன்றே போதும்.

இனி, சேர்ந்து என்ன செய்தார்கள் என்று பார்ப்போம். சிறைச்சாலையிலிருந்து தொடங்குகிறேன்.

சிறைக்குள் நடக்கும் பாலியல் வன்முறையை அமெரிக்கச் சினிமாவிலும் தொலைக்காட்சியிலும் வேடிக்கையாகப் பேசி வந்தார்கள். தண்டனையோடு அதுவும் சேர்த்திதானே என்பது பொது எண்ணம். பதினேழு வயதுப் பையனைப் பெரியவர்கள் சிறையில் அடைத்து, முதல் வாரத்திலேயே அவன் சிதைக்கப்பட்டாலும் கேட்பதற்கு நாதி கிடையாது. அந்தப் பையனுக்கு வாக்கு இல்லை. அவன் குடும்பத்துக்குப் பணம் இல்லை. அவனுக்காகப் பேசும் அரசியல்வாதிக்கு லாபமும் இல்லை. கோல்சனின் ஊழியர்கள் சிறைக்குள் போய்வந்ததால் அவர்களுக்கு அது தெரிந்திருந்தது. அவர்கள் மனித உரிமை அமைப்புகளோடும் கறுப்பின மக்களின் உரிமைச் சங்கத்தோடும் சேர்ந்து நாடாளுமன்றத்தின் கதவைத் தட்டினார்கள். செனட்டில் மசோதாவைக் கொண்டுவந்தவர்கள் இருவர்: மாசசூசெட்ஸின் கத்தோலிக்கர் எட்வர்ட் கென்னடி, அலபாமாவின் பழமைவாதி ஜெஃப் செஷன்ஸ். அரசியலில் எலியும் பூனையுமான இருவர். மசோதா எதிர்ப்பே இல்லாமல் நிறைவேறி 2003 செப்டம்பர் 4ஆம் தேதி சட்டமானது. எத்தனை பேருக்கு இந்தக் கொடுமை நேர்கிறது என்று முதன்முறையாக அரசே கணக்கெடுக்கத் தொடங்கியது. சிறைகளுக்கான விதிமுறைகள் 2012இல் வந்தன. கொடுமை ஒழிந்துவிடவில்லை. ஆனால் அது இனி தண்டனையின் பகுதி என்று எந்தச் சிறை அதிகாரியும் சொல்ல முடியாது.

ஆயர்களும் சும்மா இருக்கவில்லை. குற்றத்தையும் தண்டனையையும் பற்றி 2000 நவம்பரில் விரிவான அறிக்கை ஒன்றை வெளியிட்டார்கள். 2018இல் கூட்டரசுச் சிறைகளுக்கான சீர்திருத்தச் சட்டம் வந்தபோது ஆயர் பேரவையும் கோல்சன் தொடங்கிய ஊழியமும் அதை ஆதரித்தன. கர்ப்பிணிச் சிறைவாசிகளுக்கு விலங்கிடுவதைத் தடுத்த சட்டம் அது.

சிறையை விட்டுப் போகும் முன் இன்னொன்று. மத சுதந்திரத்துக்காக இந்த இரு சபைகளும் யூதர்களோடும் மற்றவர்களோடும் சேர்ந்து வாங்கிய சட்டங்களில் ஒன்று 2000ஆம் ஆண்டில் வந்தது. சிறைவாசிகளின் வழிபாட்டு உரிமையையும் அது காத்தது. ஆர்கன்சாஸ் மாநிலத்தில் ஒரு முஸ்லிம் சிறைவாசி அரை அங்குலத் தாடி வளர்க்க அனுமதி கேட்டார். தாடிக்குள் ஆயுதம் ஒளிப்பார் என்று சிறைத்துறை மறுத்தது. அவர் இந்தச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு உச்ச நீதிமன்றம் வரை போனார். அவருக்காக வாதாட உதவியது ஒரு கத்தோலிக்கர் நிறுவிய சட்ட அமைப்பு. 2015 ஜனவரியில் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக அவர் பக்கம் தீர்ப்பளித்தார்கள். கிறிஸ்தவர்கள் கட்டிய வீட்டில் ஒரு முஸ்லிம் கைதிக்கு நிழல் கிடைத்தது. மத சுதந்திரம் என்று நாம் பேசும்போது அடுத்தவருடைய மதத்தையும் மனதில் வைத்துத்தான் பேசுகிறோமா?

கடன் தள்ளுபடியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2000ஆவது ஆண்டை யூபிலி ஆண்டாகக் கொண்டு ஏழை நாடுகளின் கடன் சுமையைக் குறைக்க வேண்டும் என்று போப்பாண்டவர் இரண்டாம் ஜான் பால் வேண்டினார். லேவியராகமம் 25ஆம் அதிகாரம் இரு சபைகளுக்கும் பொதுச் சொத்துதானே. அலபாமாவின் பழமைவாத உறுப்பினரான பாப்டிஸ்ட் ஸ்பென்சர் பாக்கஸை, அவருடைய ஊர்ச் சபைப் பெண்கள் சிலர் நேரில் போய்ப் பார்த்துப் பேசினார்கள். அவர் அந்த வழக்கைத் தன் வழக்காக எடுத்துக்கொண்டார். அந்த ஆண்டு நாடாளுமன்றம் கடன் நிவாரணத்துக்கு 43.5 கோடி டாலர் ஒதுக்கியது.

எய்ட்ஸ் விவகாரம்தான் இந்தக் கூட்டுறவின் சிகரம். அதன் சறுக்கலும் அங்கேயேதான்.

2003 ஜனவரியில் ஜனாதிபதி ஜார்ஜ் டபிள்யூ. புஷ் தன் ஆண்டு உரையில் ஒரு கணக்குச் சொன்னார். ஆப்பிரிக்காவில் ஏறத்தாழ 3 கோடிப் பேருக்கு எச்.ஐ.வி.; மருந்து கிடைப்பது 50,000 பேருக்கு. ஆண்டுக்கு 12,000 டாலராக இருந்த மருந்துச் செலவு 300 டாலருக்கும் கீழே வந்துவிட்டது என்பதையும் சொன்னார். அந்த விலை இறங்கியதற்குப் பெரும் காரணம் 2001இல் மலிவு விலையில் தர முன்வந்த நம் இந்திய மருந்து நிறுவனம் சிப்லா. உரையைத் தயாரித்தவர்களில் முக்கியமானவர் மைக்கேல் கெர்சன் என்ற சுவிசேஷச் சபை விசுவாசி. மசோதாவைப் பிரதிநிதிகள் சபையில் முன்னின்று நடத்தியவர் ஹென்றி ஹைட் என்ற கத்தோலிக்கர். ஐந்து ஆண்டுக்கு 1,500 கோடி டாலர். மே மாதமே சட்டமாகிவிட்டது.

எய்ட்ஸ் என்றால் பாவத்தின் சம்பளம் என்று அதற்குமுன் பல மேடைகளில் முழங்கியிருந்தார்கள். அந்த மேடைகளிலிருந்தவர்களே மனம் மாறி மருந்துப் பெட்டிகளைச் சுமந்தார்கள். கத்தோலிக்க நிவாரண அமைப்பும் வேர்ல்ட் விஷனும் ஆப்பிரிக்கக் கிராமங்களில் அரசு நுழையாத இடத்திலெல்லாம் நுழைந்தன. ஆணுறை விஷயத்தில் இரு சபைகளுக்கும் ஒரே கொள்கை இல்லை. கத்தோலிக்க அமைப்புகள் தங்கள் மனசாட்சிக்கு மாறாக அதை வழங்கத் தேவையில்லை என்று சட்டத்திலேயே எழுதினார்கள். வேறுபாட்டைத் தீர்க்கும்வரை நோயாளியைக் காத்திருக்க வைக்கவில்லை. அமெரிக்க அரசின் கணக்குப்படி இந்தத் திட்டம் காப்பாற்றிய உயிர்கள் 2.5 கோடி. அம்மாவின் மடியில் தவழ்ந்த பிள்ளைகள் அம்மா உயிரோடிருக்கவே வளர்ந்தார்கள். இதைச் சொல்லும்போது எனக்குப் பெருமையாக இருக்கிறது, மறைக்க விரும்பவில்லை.

அதனால்தான் அடுத்து வருவதைச் சொல்ல மனம் வலிக்கிறது. 2023இல் இந்தத் திட்டத்தை மேலும் ஐந்து ஆண்டு நீட்டிக்க வேண்டிய நேரத்தில், இந்தப் பணம் கருக்கலைப்பை ஆதரிக்கும் அமைப்புகளுக்குப் போகிறது என்று வாழ்வுரிமை இயக்கத்தின் சில அமைப்புகள் குற்றம்சாட்டின. முன்பு திட்டத்தைத் தூக்கி நிறுத்திய கத்தோலிக்க உறுப்பினர் கிறிஸ்டோபர் ஸ்மித்தே எதிர்த்தார். ஐந்து ஆண்டு நீட்டிப்பு நின்றுபோனது. 2024 மார்ச்சில் ஓராண்டு மட்டுமே கிடைத்தது. 2025 ஜனவரியில் புதிய அரசு வெளிநாட்டு உதவியையே நிறுத்திவைத்தபோது பல இடங்களில் மருத்துவப் பணிகள் தடுமாறின. அந்த அரசுக்கு வெள்ளையர் சுவிசேஷச் சபையினர் பத்தில் எட்டுப் பேரும், கத்தோலிக்கரில் பெரும்பகுதியினரும் வாக்களித்திருந்தார்கள். அந்த வாக்குகளுக்குச் சொந்தக்காரர்கள் ஒன்றுசேர்ந்து ஒரு வாரம் தொலைபேசியில் கூப்பிட்டிருந்தால் போதும். போதிய பேர் கூப்பிடவில்லை.

இங்கேதான் என் கேள்விக்கு வருகிறேன். கைகோத்தவர்கள் காலப்போக்கில் ஒரே கட்சியின் கூடாரத்தில் குடியேறினார்கள். கருக்கலைப்புத் தீர்ப்பு 2022 ஜூன் 24ஆம் தேதி ரத்தானது. ஐம்பது ஆண்டு உழைப்பின் பலன் அது. பிறவாத குழந்தைக்கும் வாக்கு இல்லை என்பதை மறக்கக்கூடாது. அவர்கள் அந்தக் குழந்தைக்காக நின்றதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த ஒன்றுக்காகக் கட்சியிடம் அடகு வைத்ததில் மற்றவர்கள் எல்லாம் போனார்கள். கட்சிக்குப் பிடிக்காத ஏழையைப் பற்றிப் பேச நாக்கு எழவில்லை.

முன்பு இதற்கு மாறாகவும் நடந்தது. டெக்சஸில் கார்லா ஃபே டக்கர் என்ற பெண், கொலைக்குற்றத்துக்காக மரண தண்டனை பெற்றுச் சிறையில் மனந்திரும்பினார். அவரைக் கொல்லாதீர்கள் என்று போப்பாண்டவரும் கேட்டார். வலதுசாரிச் சபையினரின் பெருந்தலைவரான பாட் ராபர்ட்சனும் கேட்டார். ஆளுநர் இரங்கவில்லை. 1998 பிப்ரவரி 3ஆம் தேதி தண்டனை நிறைவேறியது. அந்த ஆளுநர், ஐந்து ஆண்டு கழித்து எய்ட்ஸ் திட்டத்தைக் கொண்டுவந்த அதே புஷ். 1999 ஜனவரியில் செயின்ட் லூயிஸ் பேராலயத்தில், மிசௌரி ஆளுநரும் பாப்டிஸ்டுமான மெல் கார்னகனிடம் போப்பாண்டவர் நேரில் நடந்துபோய், மூவரைக் கொன்ற ஒரு கைதிக்காக இரக்கம் கேட்டார். மறுநாள் கார்னகன் அந்தத் தண்டனையை ஆயுள் தண்டனையாகக் குறைத்தார். முதியவர் ஒருவர் கேட்டார். தான் ஏற்காத சபையின் தலைவர் என்றும் பாராமல் இவர் கேட்டுக்கொண்டார். ஆனால் இவை தனி நிகழ்வுகளாகவே நின்றன. மரண தண்டனைக்கு எதிராக இரு சபைகளும் கூட்டாக இயக்கம் எடுக்கவே இல்லை.

இப்போது குடியேறிகள். 2025 மார்ச் இறுதியில் கத்தோலிக்க ஆயர் பேரவையும், சுவிசேஷச் சபைகளின் தேசியக் கூட்டமைப்பும், வேர்ல்ட் ரிலீஃப் அமைப்பும், ஓர் ஆய்வு மையமும் சேர்ந்து அறிக்கை ஒன்று வெளியிட்டன. நாடுகடத்தப்படும் ஆபத்தில் இருப்பவர்களில் ஐந்தில் நான்கு பேர் கிறிஸ்தவர்கள் என்றது அது. அமெரிக்கக் கிறிஸ்தவர்களில் பன்னிரண்டில் ஒருவர் அந்த ஆபத்தில் இருக்கிறார், அல்லது அப்படிப்பட்ட ஒருவர் வாழும் வீட்டில் இருக்கிறார் என்றும் சொன்னது. தலைவர்கள் சரியாகவே பேசுகிறார்கள். சபை பெஞ்சுகளில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அது எட்டவில்லை. 1980களில் தெருவிலிருந்து மேலே போன நட்பு, இன்று மேலிருந்து தெருவுக்கு வர வழி தெரியாமல் நிற்கிறது.

நம் நாட்டுக்கு வருகிறேன். இந்திய கத்தோலிக்க ஆயர் பேரவையும், இந்தியத் திருச்சபைகளின் தேசிய மன்றமும், இந்திய சுவிசேஷ ஐக்கியமும் ஒரே கூட்டு மேடையில் இருக்கின்றன. 1950 ஆகஸ்ட் 10ஆம் தேதி வந்த குடியரசுத் தலைவர் ஆணை, கிறிஸ்தவரான தலித்துக்குப் பட்டியல் சாதி உரிமையை மறுத்தது. சீக்கியருக்கு 1956இலும் பௌத்தருக்கு 1990இலும் திறந்த கதவு, கிறிஸ்தவருக்கும் முஸ்லிமுக்கும் இன்றுவரை திறக்கவில்லை. 2004 முதல் வழக்கு உச்ச நீதிமன்றத்தில் இருக்கிறது. நீதிபதி ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் மதப் பாகுபாடு வேண்டாம் என்றது. 2022இல் இன்னோர் ஆணையம் அமைத்தார்கள். தமிழகச் சட்டமன்றம் 2023 ஏப்ரலில் தீர்மானம் நிறைவேற்றியது. ஆண்டுதோறும் ஆகஸ்ட் 10இல் ஆர்.சி.யும் சி.எஸ்.ஐ.யும் லுத்தரனும் கறுப்புக்கொடியோடு ஒன்றாக நிற்கிறோம். நல்ல காரியம். நிற்பது சரியான ஆட்களுக்காகத்தான்.

ஆனால் அந்த ஆட்களை நம் சபைகள் எங்கே வைத்திருக்கின்றன? சாதிக்கு ஒரு கல்லறைத் தோட்டம், அல்லது ஒரே தோட்டத்தில் நடுவே ஒரு சுவர் என்று இந்த மாநிலத்தில் இன்றும் இருக்கிறது. அரசாங்கம் எழுப்பிய சுவர் அல்ல அது. அதை இடிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குக் காத்திருக்க வேண்டியதுமில்லை.

மேடையிலிருக்கும் ஆயர் அவர்களுக்கும் பேராயர் அவர்களுக்கும் போதகர்களுக்கும் ஒரு விண்ணப்பம் வைக்கிறேன். டெல்லிக்குப் போகும் மனுக்களில் நீங்கள் சேர்ந்து கையெழுத்திடுகிறீர்கள். இந்த மறைமாவட்டத்திலும் திருமண்டலத்திலும் சுயாதீன சபைகளிலும் கல்லறைத் தோட்டங்களில் சாதிப் பிரிவினை இருக்கக்கூடாது என்று ஒரே சுற்றறிக்கையில் சேர்ந்து கையெழுத்திடுங்கள். தவக்காலத்தின் முதல் ஞாயிறு, திருப்பலியிலும் ஆராதனையிலும் ஒரே நாளில் அது வாசிக்கப்படட்டும். எந்தெந்த ஊரில் எந்தெந்தச் சுவர் என்ற பட்டியலைத் தயாரிக்க, இரு பக்கத்து இளைஞர் இயக்கத்தினரையும் வைத்து ஒரு குழு போடுங்கள். அதில் உழைக்க நானும் வருகிறேன்.